நூத்துக்கு ரெண்டு: வகுப்பில் பணப்பாடம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கம் ஒன்பதாம் வகுப்பில் ஒருமுறை கேட்டேன்: "நூத்துக்கு ரெண்டு வட்டின்னா ஒரு லட்சத்துக்கு வருஷத்துக்கு எவ்வளவு?" பாதி வகுப்பு யோசிக்காமல் "ரெண்டாயிரம் சார்" என்றது. பிள்ளைகள் மேல் தப்பில்லை. பாடப்புத்தகத்தில் வட்டி என்றால் ஆண்டு வட்டி. ஊரில் வாய்வழியாகப் பேசுவதோ மாத வட்டி. ஆக ரெண்டு வட்டி என்பது வருடத்துக்கு 24 சதவீதம். லட்சத்துக்கு 24,000 ரூபாய். இது புரியாததால்தான் வங்கிக்காரர் பத்து சதவீதம் என்றதும் "பத்து வட்டியா!" என்று மிரண்டு, ரெண்டு வட்டிக்காரர் வீட்டுக்கு நடக்கிறார்கள், பெரியவர்களே.

புத்தக மொழியிலேயே பாடத்தை முடித்துவிடுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. தண்டல் கணக்கைக் கரும்பலகையில் போட்டுப் பாருங்கள். பத்தாயிரம் கடன், ஆயிரத்தை முன்னாலேயே பிடித்துக்கொண்டு கையில் 9,000 தருவார்கள். தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "பத்து சதவீதம்தானே சார்" என்பார்கள். அந்த 9,000 நூறு நாளும் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். நாளுக்கு நாள் குறைகிறது. சராசரியாகப் பார்த்தால் பாதிதான், 4,500. அதற்கு நூறு நாளில் ஆயிரம் ரூபாய் வட்டி. வருடத்துக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 80 சதவீதம். வகுப்பு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருக்கும்.

அடுத்தது, "செட்டிநாட்டுப் பிள்ளைக்குக் கணக்கு ரத்தத்துலேயே ஊறினது" என்ற பெருமைப் பேச்சு. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் திறந்த கதையைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அந்தக் காலத்தில் பர்மாவுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போன பையன் பெட்டியடிப் பையன் என்ற எடுபிடியாகச் சேர்ந்து, பேரேடு எழுதிப் பழகி, அடுத்தாள் என்ற உதவியாளாகி, அப்புறம்தான் கடையை நடத்தும் மேலாள் ஆனான். ரத்தத்தில் வந்திருந்தால் இத்தனை வருடப் பயிற்சி எதற்கு? தவிர, வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் பெரிய வீட்டுப் பிள்ளைகளும் இல்லை.

சேமிப்பைப் பற்றிப் பிரசங்கம் வேண்டாம். பத்து வயது நிறைந்த பிள்ளை தபால் நிலையத்தில் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே நடத்தலாம், 500 ரூபாய் போதும். அங்கே ஒரு நடை கூட்டிப்போங்கள். செல்போன் பணத்தைப் பற்றி ஒரே ஒரு வரி மனப்பாடமானால் போதும்: நமக்குப் பணம் வருவதற்கு ரகசிய எண் போட வேண்டியதே இல்லை, யாராவது போடச் சொன்னால் நம் பணம் போகப்போகிறது.

இனி, நானே செய்த தவறு. "வீட்டு வரவு செலவை எழுதிட்டு வாங்க" என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். ஒரு மாணவி மூன்று நாளாக நோட்டை மறந்துவிட்டேன் என்றே சொன்னாள். நாலாம் நாள்தான் எனக்கு உறைத்தது, அவள் கழுத்துச் சங்கிலியைக் கொஞ்ச நாளாகவே காணோம். எந்தப் பிள்ளையையும் அப்படி நிற்க வைக்கக் கூடாது.

இப்போது கற்பனைக் குடும்பம் ஒன்றைக் கொடுக்கிறேன். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறைக்குப் போகிறார், மாத வருமானம் 22,000. இந்த மாதம் 3,000 துண்டு விழுகிறது, எதைக் குறைப்பீர்கள்? கேபிளை வெட்டுவார்கள், கறி எடுப்பதைக் குறைப்பார்கள், அப்பாவின் டீச்செலவில்கூடக் கை வைப்பார்கள். மொய்யை மட்டும் எந்தக் குழுவும் இதுவரை தொட்டதில்லை. ஏன் என்று கேட்டால், "அது அவங்க நமக்குச் செஞ்சது சார், திருப்பித்தானே ஆகணும்" என்கிறார்கள்.