பனங்கொட்டை போட்டுப் பனை வளர்ப்பது எப்படி?

கொட்டை பொறுக்கப் போவதற்கு முன்னால் மரம் நிற்கப்போகும் இடத்தை முடிவு செய்துவிடுங்கள். மற்ற கன்றுகளைப் போலத் தொட்டியில் முளைக்கவைத்து, அப்புறம் மாற்றி நடலாம் என்ற கணக்கு பனைக்குச் சரிவராது. இதன் முளை மேலே வராமல் நேராக மண்ணுக்குள் ஓரடி, சில சமயம் அதற்கு மேலும் இறங்கும். அங்கேதான் கிழங்கு பிடித்து, வேர் கீழேயும் குருத்து மேலேயும் கிளம்பும். பிடுங்கி நடும்போது வேர் அறுந்தால் கன்று பிழைப்பது கஷ்டம்.

ஆடியிலிருந்து புரட்டாசிக்குள் பழுத்துத் தானாக விழும் பழங்களை எடுங்கள். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை இருக்கும். நிழலில் குவித்துப் போட்டால் சதை இளகிவிடும், கொட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்து, தண்ணீரில் மிதப்பவற்றை ஒதுக்குங்கள். போன வருடத்துக் காய்ந்த கொட்டை வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், 10 அடிக்கு ஒன்றாக இடம் விட்டு, ஓரடிக்கு மண்ணைக் கொத்தி இளக்கி, கொட்டையைப் படுக்கவைத்து நாலு விரல் மண் மூடினால் போதும். எந்தப் பக்கம் மேலே என்று குழம்ப வேண்டாம், முளை தானே கீழே திரும்பிக்கொள்ளும்.

இனிமேல்தான் பொறுமை வேண்டும். ஒன்றிரண்டு மாதத்தில் முளை இறங்கத் தொடங்கியிருக்கும், ஆனால் தரைக்கு மேலே மாதக்கணக்கில் எதுவும் தெரியாது. கொட்டைக்குள் தவுண் என்ற பஞ்சு போன்ற வெள்ளைச் சதை பருத்து, உள்ளிருக்கும் கெட்டியான பருப்பைக் கரைத்துக் கீழே அனுப்பிக்கொண்டிருக்கும் நேரம் அது. தயவுசெய்து தோண்டிப் பார்க்காதீர்கள், நல்ல முளைகள் பல இப்படித்தான் ஒடிந்து போகின்றன.

முதல் ஓலை விசிறி போல வராது. ஒற்றைக் கீற்றாக, நீளமான புல் மாதிரி எட்டிப் பார்க்கும், களை என்று நினைத்துப் பிடுங்கிவிடுவார்கள் என்பதால் விதைக்கும்போதே பக்கத்தில் ஒரு குச்சி நட்டுவையுங்கள். முதல் இரண்டு கோடைக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள், ஆடுமாடு மேயாமல் முள் வையுங்கள். வடலியை, அதாவது இளம் பனையைச் சுற்றிச் சருகைக் கொளுத்தவே கூடாது.

அடிமரம் தெரியவே பல வருடம் ஆகும், பாளை விடப் பன்னிரண்டு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை ஆண்பனையா பெண்பனையா என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது, அதனால் காய்க்கும் மரம் வேண்டுமென்றால் ஒன்றோடு நிறுத்தாமல், இடம் இருக்கும்வரை ஒரு பத்துக் கொட்டையாவது போடுங்கள்.