டி டிரைவைப் பிரிக்காமல் லினக்ஸ்: ஃபேட்32 பகிர்வுக்குள் டெபியனை இயக்குதல்

கும்பகோணம், மன்னார்குடி வட்டாரத்து டிடிபி கடைகளில் பழைய டாம் குறிமுறை எழுத்துருக்களில் அமைத்த அழைப்பிதழ்க் கோப்புகள் விண்டோஸ் கணினிகளில்தான் கிடக்கின்றன. அவற்றைத் தொடாமல், வட்டையும் பிரிக்காமல் லினக்ஸ் வேண்டும் என்பவர்களுக்காக, என் கணினியில் இப்போது நன்றாக ஓடும் முறையை எழுதுகிறேன். யூஇஎஃப்ஐ (புதுவகைத் தொடக்க மென்பொருள்) கொண்ட கணினியும், ஃபேட்32 வடிவிலுள்ள டி டிரைவில் 8 ஜிபி இடமும், ஒரு பென்டிரைவும், லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12-இன் லைவ் ஐஎஸ்ஓவும் (நிறுவாமலே இயக்கக்கூடிய வட்டுப் படிமக் கோப்பு) போதும். பழைய கணினிகளுக்கு எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரைமுகப்புடன் வரும் பதிப்பையே பரிந்துரைப்பேன்.

டாஸ் காலத்திலிருந்து வரும் ஃபேட் வடிவத்தில் கோப்பின் உரிமையாளர், அனுமதிகள், குறியீட்டு இணைப்புகள் ஆகியவற்றைப் பதிய இடமில்லை. முன்பு யூஎம்எஸ்டாஸ் என்ற லினக்ஸ் கோப்பு முறைமை இவற்றை ஒவ்வொரு கோப்புறையிலும் தனிக் கோப்பாக வைத்துச் சமாளித்தது, லினக்ஸின் கருவான கெர்னலின் 2.6 வரிசையில் அது நீக்கப்பட்டது. இன்றைய வழி, ஃபேட்டுக்குள் ஒரு பெரிய கோப்பை உண்டாக்கி, அந்தக் கோப்புக்குள் லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையை அமைப்பதாகும்.

ஐஎஸ்ஓவில் உள்ள அனைத்தையும் ஃபேட்32 பென்டிரைவில் நகலெடுத்து, அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். பிறகு ‘லைவ்’ கோப்புறையை முழுதாக டி டிரைவின் முதல் நிலையில் நகலெடுங்கள். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளிலேயே தட்டச்சு செய்ய வேண்டும்.

பலரும் தடுமாறுவது அடுத்த படியில்தான். டி டிரைவின் முதல் நிலையில் ‘பெர்சிஸ்டன்ஸ்’ (persistence) என்ற பெயரில், பின்னொட்டு எதுவுமின்றி, 3 ஜிபி கோப்பை டிடி (dd) கட்டளையால் சுழியங்களை எழுதி உண்டாக்குங்கள். ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது. வெற்றிடத்தை எழுதாமல் விட்டுவைக்கும் வசதியும் அதில் இல்லை என்பதால் சிறிது நேரமாகும், பொறுத்திருங்கள். எம்கேஎஃப்எஸ் (mkfs) கட்டளையால் அந்தக் கோப்பை எக்ஸ்ட்4 ஆக்கி, அதை மவுண்ட் செய்து (ஒரு வட்டைப்போலத் திறந்து), உள்ளே ‘பெர்சிஸ்டன்ஸ்.கான்ஃப்’ (persistence.conf) என்ற கோப்பை எழுதுங்கள். அதில் ஒரே வரிதான்: சாய்கோடு, ஓர் இடைவெளி, ‘யூனியன்’ (/ union). இந்தக் கோப்பு பெரிய கோப்புக்கு உள்ளே இருக்க வேண்டும்; வெளியே டி டிரைவில் வைத்தால் லினக்ஸ் வழக்கம்போலத் தொடங்கும், ஆனால் செய்த மாற்றம் எதுவும் நிலைக்காது.

அடுத்து, பென்டிரைவிலுள்ள கிரப்பின் (கணினியைத் தொடங்கிவைக்கும் நிரல்) அமைப்புக் கோப்பைத் திறந்து, கெர்னல் வரியின் இறுதியில் ‘பெர்சிஸ்டன்ஸ்’ என்பதையும், ‘லைவ்-மீடியா’ (live-media) என்பதற்குச் சமக்குறியிட்டு டி டிரைவின் சாதனப் பெயரையும் சேருங்கள். அந்தப் பெயரை எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளை காட்டும். மறுதொடக்கம் செய்து, ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசைப்பலகையை நிறுவி, மீண்டும் ஒருமுறை தொடங்குங்கள். விசைப்பலகை அப்படியே இருந்தால் எல்லாம் சரியாக அமைந்துவிட்டது. கெர்னலை மட்டும் ஏப்டி (apt) என்ற மென்பொருள் நிறுவி வழியாகப் புதுப்பிக்காதீர்கள்: கணினி தொடங்குவது பென்டிரைவிலுள்ள கெர்னலில்தான் என்பதால், புதியது 3 ஜிபிக்குள் இடத்தை அடைத்துக்கொண்டு வீணே கிடக்கும்.

பின்சேர்க்கை: பென்டிரைவைச் செருகியதும் வட்டின் பெயர் எஸ்டிஏ-விலிருந்து (sda) எஸ்டிபி-க்கு (sdb) மாறிவிடுவதாகத் திருவாரூர் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பென்டிரைவ் செருகியிருக்கும் நிலையில் தெரியும் பெயரையே எழுதுங்கள். விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ வசதியையும் அணைத்துவிடுங்கள். அது பாதி உறக்கத்தில் விட்டுச்சென்ற டி டிரைவில் லினக்ஸ் எழுதினால் கோப்புகள் சிதையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் நின்று நின்று வரும் நம் டெல்டாவில் யூபிஎஸ் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். உள்ளே எக்ஸ்ட்4-க்கு ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டிப் பதியும் குறிப்பேடு) உண்டு. அதைத் தாங்கும் ஃபேட்டுக்கு இல்லை. திடீரென மின்சாரம் நின்றுபோனால், ‘பெர்சிஸ்டன்ஸ்’, ‘லைவ்-மீடியா’ ஆகிய இரண்டையும் நீக்கி பென்டிரைவிலிருந்தே தொடங்கி, முதலில் டி டிரைவையும் பிறகு பெரிய கோப்பையும் எஃப்எஸ்சிகே (fsck) கட்டளை கொண்டு சரிபாருங்கள்.