மாந்தோப்பு சோலாருக்கு எந்த ரிலே?

கிருஷ்ணகிரிப் பக்கம் தோப்புக் கொட்டகைகளில் 12 வோல்ட் பேட்டரி, சின்ன பம்பு, நாலு பல்பு வைத்திருப்பவர்கள் முதலில் வாங்குவது அந்த நீல ரிலே மாட்யூல்தான். ரிலே என்றால் சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச். மேலே '10 ஆம்பியர்' என்றிருக்கும். கீழே டிசி (பேட்டரி தரும் ஒரே திசை மின்சாரம்) 30 வோல்ட் என்பதையும் படியுங்கள். ஏசி (வீட்டு மின்சாரம்) நொடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொடுவதால், ரிலே ஆஃப் ஆகும்போது எழும் பொறி தானே அணையும். டிசியில் லேசில் அணையாது. காண்டாக்ட் (ரிலேக்குள் தொட்டுப் பிரியும் உலோக முனை) உருகி ஒட்டிக்கொண்டால் பம்பு நிற்காது.

5 ஆம்பியர் மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். ஆகவே நீல ரிலே பல்புக்கு மட்டும். பம்புக்கு 40 ஆம்பியர் கார் ரிலே, அதன் காயிலை (காண்டாக்டை இழுக்கும் கம்பிச் சுருள்) நீல ரிலே வழியாக ஓட்டுங்கள். மோட்டாருக்குக் குறுக்கே 10 ஆம்பியர் டயோடு (ஒரு திசையில் மட்டும் மின்சாரம் விடும் பாகம்), கோடு போட்ட முனை பாசிட்டிவில். மாற்றிப் போட்டால் ஷார்ட். ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும்.

ஏசி சாலிட் ஸ்டேட் ரிலேயை (காண்டாக்ட் இல்லாத எலக்ட்ரானிக் ரிலே) டிசியில் மாட்டாதீர்கள்: ஆன் ஆகும், ஆஃப் ஆகாது.