மடித்தால் தலைகீழாகும் சிலுவை: கைப்பை தைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காகிதத்தில் வரைந்த சிலுவை அசையாமல் கிடக்கும். பை அப்படியில்லை. மடங்கும், திறக்கும், தோளில் தொங்கும், தரையில் உட்காரும். கிறிஸ்தவ அடையாளங்களை வைத்துக் கைப்பை தைக்கும்போது நேரும் தவறுகளில் பாதிக்கு மேல் இதை மறப்பதால் வருபவைதான்.

என் முதல் பையையே சொல்கிறேன். சின்னச் சின்னச் சிலுவைகள் அச்சடித்த பருத்தித் துணி. ஒரே துண்டாக வெட்டி, நடுவில் மடித்து, இரண்டு ஓரத்தையும் தைத்துவிட்டேன். முன்பக்கம் அழகாக இருந்தது. திருப்பினால், பின்பக்கத்தில் அத்தனை சிலுவையும் தலைகீழ்! மேல், கீழ் என்று திசை உள்ள துணியை இரண்டு துண்டாக வெட்டி, இரண்டிலும் உருவம் நிமிர்ந்திருக்கும்படி வைத்து, அடியில் ஒரு தையல் போட்டுச் சேர்க்க வேண்டும். தலைகீழ்ச் சிலுவைக்கு மரபில் நல்ல பொருளே உண்டு. ஆண்டவரைப் போலச் சாகத் தமக்குத் தகுதியில்லை என்று இயேசுவின் சீடர் பேதுரு தலைகீழாக அறையப்படக் கேட்டுக்கொண்டார் என்பார்கள். ஆனால் இன்று அதைப் பார்க்கிற பலருக்குத் தோன்றுவது கிறிஸ்தவ எதிர்ப்புதான். பையைப் பார்ப்பவர்களிடமெல்லாம் பேதுருவின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

மேல்மூடி உள்ள பையிலும் இதே வம்பு உண்டு. மூடியை மேலே விரித்துப் போட்டு வரைந்தால், மூடியதும் சிலுவை கவிழ்ந்துவிடும். மூடியைத் தொங்கவிட்ட பிறகே குறிக்க வேண்டும்.

அடுத்தது இடவல மாற்றம். துணியின் உள்பக்கம் வரைந்தாலோ, இஸ்திரி போட்டு ஒட்டும் தாளில் நேராக அச்செடுத்தாலோ உருவம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிவிடும். சாதாரணச் சிலுவையில் அது தெரியாது. எழுத்து வந்தால் மாட்டிக்கொள்வோம். 'கிறிஸ்து' என்பதன் கிரேக்க முதல் இரண்டெழுத்தான கை (Χ), ரோ (Ρ) சேர்ந்த சின்னத்தில் ரோவின் வளைவு நமக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். கிரேக்கத்தின் முதலெழுத்தான ஆல்ஃபா இடப்பக்கம், கடைசி எழுத்தான ஒமேகா வலப்பக்கம். ஆர்த்தடாக்ஸ் சிலுவையின் சாய்ந்த கீழ்ச்சட்டத்தில் உயர்ந்த முனை நம் இடப்பக்கம். வரைந்ததும் ஒரு படம் எடுத்து மூலத்தோடு ஒப்பிட்டால் போதும்.

அப்புறம் நடுப்புள்ளி. தட்டையான துணியின் நடுவை அளந்து பூவேலை செய்கிறோம். பைக்கு 10 செ.மீ. அகல அடிப்பாகம் வைத்தால், ஒவ்வொரு பக்கத் துணியிலும் கீழே 5 செ.மீ. அடிக்குப் போய்விடும். சிலுவை கீழே இறங்கித் தெரியும். உயரமானதாக இருந்தால் அதன் கால் அடியில் மடங்கித் தரையில் உட்காரும். இயேசுவின் முகத்துக்குக் குறுக்கே ஜிப் ஓடும் பையைக்கூடப் பார்த்திருக்கிறேன். முதலில் பழைய துணியில் ஒரு மாதிரிப் பையை ஓட்டுத் தையலில் கட்டி, அதன்மேல் காகித உருவத்தைக் குண்டூசியால் குத்திப் பாருங்கள்.

நிறத்திலும் ஒரு கண் வேண்டும். வெள்ளைத் துணியில் நான்கு கையும் சம நீளமுள்ள சிவப்புச் சிலுவை போட்டால் அது முதலுதவிப் பெட்டியாகிவிடும். விளையாட்டாகச் சொல்லவில்லை. அது 1864 முதல், போரில் காயம்பட்டவர்களைக் காக்கும் ஜெனீவா உடன்படிக்கையின் அடையாளம். தனியார் வணிகத்துக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 1949 உடன்படிக்கை சொல்கிறது. கீழ்க்கையை நீட்டுங்கள், அல்லது நிறத்தை மாற்றுங்கள்.

பரிசாகக் கொடுக்கும் பை என்றால் வாங்குபவரின் சபை மரபைக் கேட்டுக்கொள்வது நல்லது. இயேசுவின் உருவம் உள்ள பாடுபட்ட சிலுவை கத்தோலிக்கருக்கு நெருக்கமானது. புராட்டஸ்டன்ட் சபைகள் பலவற்றில் வெறும் சிலுவையையே விரும்புவார்கள். புறாவும் ஒன்றல்ல. ஒலிவ இலையோடு இருந்தால் நோவாவின் புறா. தலை கீழ்நோக்கி இறங்கினால் ஞானஸ்நானத்தில் வந்த பரிசுத்த ஆவி. ஞானஸ்நானப் பரிசுக்கு இலையில்லாத புறாதான் பொருத்தம்.

பொருள்களைப் பற்றிச் சுருக்கமாக: சிவப்பு நூலை ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்திச் சாயம் போகிறதா என்று பாருங்கள். பருத்தியை நனைத்துக் காயவைத்து வெட்டுங்கள். மணி வேலை உடம்பில் உரசும் பக்கம் வேண்டாம். சேலையோ ஸ்வெட்டரோ இழை பிய்ந்துவிடும். வேதாகமம் வைக்கும் பைக்கு நீள அகலத்தோடு தடிமனையும் அளக்க வேண்டும்.

வசனம் எழுதுவதென்றால் எண்ணை இருமுறை பாருங்கள். யோவான் 3:16 வேறு, 1 யோவான் 3:16 வேறு. முன்னால் ஓர் எண் விட்டுப்போனால் வசனமே மாறிவிடும். துணியில் பிரித்துத் தைத்துவிடலாம். தோல் பையில் நூலைப் பிரித்தாலும் ஊசித் துளைகள் அப்படியே நிற்கும்.