காட்ஸில்லா பொம்மை வாங்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

மான்ஸ்டர் பொம்மை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கண், பல், திறந்த வாய். நானும் பல காலம் அப்படித்தான் வாங்கினேன். இப்போது எனக்கு முதலில் கண்ணில் படுவது பாதமும் வாலும். பொம்மை ஒழுங்காக நிற்காவிட்டால் அதன் முகம் எவ்வளவு அழகாக இருந்து என்ன பயன்?

1954-இல் வந்த முதல் படத்தில் காட்ஸில்லா உடைக்குள் ஒரு நடிகர் இருந்தார். அதனால் நிமிர்ந்த உடம்பு, பருத்த கால்கள், தரையில் இழுபடும் வால் என்றே அந்த உருவம் அமைந்தது. அந்த அமைப்பைப் பின்பற்றும் பொம்மைக்கு வால்தான் மூன்றாவது கால். வாலை அழகுக்காகத் தூக்கி வைத்தால் உடம்பின் எடை முழுவதும் கணுக்காலில் இறங்கிவிடும். என்னிடம் இருந்த ஒரு மென்வினைல் (மிருதுவான, வளையக்கூடிய பிளாஸ்டிக்) பொம்மையை அப்படித்தான் வைத்திருந்தேன். ஒரு கோடை முடிவதற்குள் வலது கணுக்கால் மடங்கி, பொம்மை குனிந்து எதையோ தேடுவதுபோல் ஆகிவிட்டது. சூடான தண்ணீரில் காலை ஓரிரு நிமிடம் முக்கி, இளகியதும் நிமிர்த்திப் பிடித்து, அப்படியே குளிர்ந்த தண்ணீரில் வைத்தேன். நேராகிவிட்டது. வாலைத் தரையில் ஊன்றி வைத்திருந்தால் இந்த வேலையே வந்திருக்காது.

அடுத்தது மூட்டுகளின் எண்ணிக்கை. "முப்பது மூட்டு" என்று படித்ததும் பலர் மயங்கிவிடுகிறார்கள். எத்தனை மூட்டு என்பதைவிட எது எவ்வளவு அசைகிறது என்பதுதான் முக்கியம். தொடையில் மூட்டு இருக்கும், ஆனால் இடுப்புச் செதில் இடித்து கால் முன்னால் வராது. கழுத்து சுற்றும், ஆனால் மேலே நிமிராது. நிமிராத கழுத்தோடு வானத்தைப் பார்த்துக் கர்ஜிக்க வைக்க முடியுமா? அப்புறம், வளைத்தால் மூட்டில் பெரிய இடைவெளி தெரிகிறதா என்பதையும் பாருங்கள். அலமாரியில் ஒரே நிலையில் நிற்கப்போகிற பொம்மைக்கு மூட்டு குறைவாக இருப்பது குறையே இல்லை. செதில் வரிசை அறுபடாமல் இருப்பதால் அது இன்னும் அழகாகவே இருக்கும்.

புதுப் பொம்மையில் மூட்டு இறுகியிருந்தால் முறுக்காதீர்கள். பெயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கலாம். முறுக்கினால் உள்ளே இருக்கும் முளை உடையும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு மெதுவாக அசைத்துப் பாருங்கள்.

அளவிலும் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டியில் 12 அங்குலம் என்று போட்டிருந்தால் அது உயரம் என்று நினைத்துவிடுகிறோம். வால் உள்ள உருவங்களுக்குத் தலையிலிருந்து வால் நுனி வரை அளந்து போடுவதும் உண்டு. அப்படியானால் நிற்கும் உயரம் அதில் பாதிதான் இருக்கும். இன்னொன்று: முதல் படத்து காட்ஸில்லா 50 மீட்டர் உயரம், 2016 ஜப்பானியப் படத்தில் வந்தது 118.5 மீட்டர். இரண்டு பொம்மைகளும் ஒரே உயரத்தில் இருந்தால் அவை ஒரே ஸ்கேலில், அதாவது ஒரே விகிதத்தில் சுருக்கி, செய்யப்பட்டவை அல்ல. பக்கத்தில் பக்கத்தில் வைத்தபிறகு இது உறுத்தும் என்றால் வாங்கும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

விளம்பரப் படத்தில் இருப்பது பெரும்பாலும் கையால் பெயின்ட் செய்த மாதிரி. வாங்கியவர்கள் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள், குறிப்பாகக் கண்மணி இரண்டும் ஒரே பக்கம் பார்க்கின்றனவா என்று.

குழந்தைக்கு வாங்குவதாக இருந்தால் பெட்டியிலுள்ள வயதுக் குறிப்பைத் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள். 14, 15 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கும் பொம்மையில் கூரான முதுகுத் தகடுகளும், கழன்று வரும் சிறு பாகங்களும் இருக்கலாம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் கைக்கு அப்படிப்பட்ட பொம்மை போகவே கூடாது. விளையாடக் கொடுக்க, உள்ளே காலியான, கையும் காலும் மட்டும் சுழலும் மென்வினைல் பொம்மை போதும். கீழே விழுந்தாலும் சுலபத்தில் உடையாது.

கடைசியாக, வெயில் படும் ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள், நிறம் மங்கும். அதற்குப் பயந்து பிளாஸ்டிக் பையில் கட்டிப் பூட்டி வைப்பதும் தவறு. பொம்மையின் பிவிசி பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்த பொருள் மேலே கசிந்து வர, காற்றோட்டம் இல்லாமல் பொம்மை பிசுபிசுவென்று ஆகிவிடும். அப்படி ஆனால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு விட்டு, செதில் இடுக்குகளை மென்மையான பிரஷால் தேய்த்து, நிழலில் காயவிடுங்கள்.