வரி இல்லை என்ற ஒரு சொல்லுக்காக எடுக்காதீர்கள்

பிரிட்டனில் வேலை நிலைத்து, குழந்தையும் பிறந்து, மாதக் கடைசியில் கையில் கொஞ்சம் மிஞ்ச ஆரம்பித்ததும் நம்மவர்கள் பலர் கண்ணில் முதலில் படுவது ஃப்ரெண்ட்லி சொசைட்டி என்ற கூட்டுச் சங்கங்களின் வரிவிலக்குச் சேமிப்புத் திட்டம்தான். மாதம் 25 பவுண்டு வரை, குறைந்தது 10 ஆண்டு, கூடவே சின்னதாக ஓர் ஆயுள் காப்பீடு, முடிவில் வரும் தொகைக்கு வரி கிடையாது. நானும் அப்படித்தான் ஒன்று எடுத்தேன். இப்போது புதிதாக வரும் தம்பி தங்கைகள் அதே காகிதத்தை அதே அவசரத்தோடு நீட்டுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். படிக்காமல் கையெழுத்துப் போடாதே, தவணையைத் தவறவிடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, அதற்குள் போகவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தச் சங்கங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. பங்குதாரர்கள் இல்லாமல் உறுப்பினர்களுக்கே சொந்தமானவை. நோய்க்கும் சாவுச் செலவுக்கும் உதவ அரசு எதுவும் இல்லாத காலத்தில் தொழிலாளர்கள் வாரச் சம்பளத்தில் சில்லறை சேர்த்து உருவாக்கியவை. ஸ்காட்டிஷ் ஃப்ரெண்ட்லி 1862இலிருந்து இருக்கிறது, ஷெப்பர்ட்ஸ் ஃப்ரெண்ட்லி அதற்கும் முந்தியது. சங்கத்தைப் பற்றி எனக்குக் குறை இல்லை. திட்டத்தை நாம் எடைபோடும் விதம்தான் பிரச்சினை.

வரியில்லை என்பதை லாபம் என்று எண்ணுவது

எத்தனை பேருக்குச் சொன்னாலும் தீராத எரிச்சல் இதில்தான்.

போன மாதம் ஒரு தம்பி ஃபைலோடு வந்தார். விளம்பரத் தாளின் மேலே கொட்டை எழுத்தில் வரி இல்லை என்ற வாசகம், அதன் மேல் கிளிப் போட்டு, சேர்ந்தால் கிடைக்கும் பரிசு வவுச்சரின் விவரம். “அண்ணா, வரியே கிடையாதாம், நல்லதுதானே?” என்றார். “சரி, இப்போது உங்கள் சேமிப்பு வட்டிக்கு வருஷத்துக்கு எவ்வளவு வரி கட்டுகிறீர்கள்?” என்று கேட்டேன். யோசித்துவிட்டு, ஒன்றும் கட்டவில்லை என்றார். கட்டாத வரியிலிருந்து விலக்கு வாங்கி என்ன பயன்?

2016 ஏப்ரலிலிருந்து, அடிப்படை விகிதத்தில் வரி கட்டுபவருக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரை வட்டிக்கு வரி இல்லை, உயர் விகிதக்காரருக்கு 500 பவுண்டு வரை. மாதம் 25 பவுண்டு 10 ஆண்டு போட்டால் மொத்தமே 3,000 பவுண்டுதான், அதற்கு 4 சதவீதம் வட்டி வந்தாலும் ஆண்டுக்கு 120 பவுண்டு. வேறு சேமிப்பு அதிகம் இல்லாதவருக்கு அதில் வரி விழ வழியே இல்லை. பங்குச் சந்தையில் போட வேண்டும் என்றால் ஐசா (ISA) என்ற தனிநபர் சேமிப்புக் கணக்கு இருக்கிறது, அதிலும் வரி இல்லை, ஆண்டுக்கு 20,000 பவுண்டு வரை போடலாம். குழந்தைக்கு ஜூனியர் ஐசா, 9,000 பவுண்டு வரை. 1999இல் 7,000 பவுண்டோடு ஐசா வந்தபோது இந்தச் சங்கத் திட்டத்தின் வரம்பு மாதம் 25 பவுண்டு. 1995இல் வைத்த அந்த வரம்பு இன்றும் அங்கேயேதான் நிற்கிறது. விலைவாசி எங்கே போயிருக்கிறது, அது எங்கே இருக்கிறது பாருங்கள்.

வரியில் மிச்சம் பூஜ்யம், ஆனால் கட்டணம் பூஜ்யம் இல்லை. வளர்ச்சி ஆண்டுக்கு 5 சதவீதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். குழந்தை பிறந்ததிலிருந்து 18 ஆண்டு மாதம் 25 பவுண்டு, அதாவது மொத்தம் 5,400. கட்டணம் ஆண்டுக்கு அரை சதவீதம் என்றால் கையில் சுமார் 8,220 பவுண்டு வரும். ஒன்றரை சதவீதம் என்றால் சுமார் 7,470. அந்த ஒரு சதவீதம் 750 பவுண்டை விழுங்கிவிட்டது, அதாவது இரண்டரை வருஷம் நீங்கள் கட்டிய தவணை. இதற்கு எதிரே அந்தப் பரிசு வவுச்சரை வைத்துப் பாருங்கள், கோபம் வராமல் என்ன செய்யும்! சில திட்டங்களில் ஆரம்பத்தில் தனியாக ஒரு கட்டணமும் உண்டு, அதையும் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் கூடும்.

அதனால் விளம்பரத்தின் முதல் பக்கத்தை விட்டுவிட்டு, கூட வரும் விவரத் தாளில் இரண்டு அட்டவணைகளைத் தேடுங்கள். செலவுகள் ஆண்டு வருமானத்தை எத்தனை சதவீதம் குறைக்கின்றன என்பது ஒன்று. இடையில் எடுத்தால் என்ன கிடைக்கும் என்பது இன்னொன்று. தம்பியிடம் அந்த இரண்டையும் விரலால் காட்டிய பிறகுதான் அவர் பேனாவை மூடினார்.

யாருக்குப் பொருந்தும்? ஐசாவை முழுக்க நிரப்பியவருக்கு, வட்டிக்குச் சலுகையே இல்லாத 45 சதவீத வரிக்காரருக்கு, பிள்ளையின் ஜூனியர் ஐசா நிரம்பிய பிறகும் கொஞ்சம் போட நினைக்கும் தாத்தா பாட்டிக்கு. லாபத்தைப் போனஸாகப் பிரித்துத் தரும் வித்-ப்ராஃபிட்ஸ் நிதியின் நிதானமான போக்கு பிடித்து, கட்டணம் தெரிந்தே எடுப்பவரையும் நான் தடுக்க மாட்டேன்.

மூன்றாம் வருஷத்தில் சரண்டர்

சீட்டை இடையில் விட்டவர் கழிவு கொடுப்பது போலத்தான் இதுவும். எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி, கணவன் மனைவி பிள்ளை மூவர் பெயரிலும் எடுத்தார்கள், மாதம் 75 பவுண்டு. வீட்டுக் கடன் தவணை ஏறியதும் மூன்றையும் ஒரே நாளில் நிறுத்தினார்கள். ஆண்டு அறிக்கையில் ஒரு வரியில் கட்டிய தொகை, அடுத்த வரியில் இடையில் விட்டால் கிடைக்கும் சரண்டர் மதிப்பு, இரண்டாவது முதலாவதைவிடக் குறைவு. காலத்துக்கு முன் எடுத்தால் வரிவிலக்கும் கைவிட்டுப் போகலாம். 10 ஆண்டு தொடத் தேவைப்படாத பணம் எவ்வளவோ அவ்வளவு மட்டும், 10 பவுண்டு என்றாலும் பரவாயில்லை என்று தொடங்குங்கள்.

இறுதி போனஸை எண்ணிக் கடன் வாங்குவது

வேண்டாம். வித்-ப்ராஃபிட்ஸ் திட்டத்தில் ஆண்டு போனஸ் சேர்ந்துவிட்டால் முதிர்வில் உறுதி, முடிவில் தரும் இறுதி போனஸுக்கு உறுதியே இல்லை. சந்தை சரிந்திருக்கும்போது இடையில் எடுத்தால் சந்தை மதிப்புக் குறைப்பு என்று வேறு வெட்டுவார்கள்.

இரண்டு சங்கம், இரண்டு வரம்பு?

இல்லை. எத்தனை சங்கத்தில் சேர்ந்தாலும் ஒருவருக்கு ஒரே வரம்புதான்.

மாதாமாதம் கட்டினால் ஆண்டுக்கு 300, ஒரே தவணையானால் 270 என்றால் 30 பவுண்டு தள்ளுபடியா?

அதுவும் இல்லை. ஒரே தவணையாகக் கட்டுபவருக்கு வரம்பே 270தான், உள்ளே போகும் பணமும் குறைவு.

சங்கம் திவாலானால்?

காப்பீட்டு பாலிசி என்பதால், நிதி நிறுவனம் நொடித்தால் ஈடு தரும் எஃப்எஸ்சிஎஸ் (FSCS) அமைப்பின் பாதுகாப்பு முழுத் தொகைக்கும் உண்டு. நிதி சரியாக வளராததற்கு அங்கே போய் நிற்க முடியாது.

கையெழுத்துப் போட்டாயிற்று என்றால்

ரத்து செய்ய 30 நாள் அவகாசம் உண்டு. ரத்து உரிமையைச் சொல்லும் கடிதம் வந்த தேதியைப் பார்த்து, அதற்குள் அந்த இரண்டு அட்டவணைகளையும் எடுத்து உட்காருங்கள்.