நான் திட்டியது யாரை?

சேலத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் சர்க்கரைப் புண்ணோடு எங்கள் வார்டில் சேர்ந்தார். இன்சுலின் வேண்டாம் என்று தினமும் மறுப்பார், நானும் சத்தம் போடுவேன். மூன்றாம் நாள் என்னைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது உறுத்திக்கொண்டே இருந்தது.

கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் 1988இல் தந்த சுயபரிசீலனைச் சுழற்சியைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன்: நடந்தது, உணர்ந்தது, நல்லது கெட்டது, அலசல், முடிவு, அடுத்த செயல் என ஆறு படிகள். டூட்டி முடிந்து டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அதை நோட்டில் எழுத ஆரம்பித்தேன். இரண்டாவது படியிலேயே பேனா நின்றுவிட்டது. சர்க்கரையால் காலை இழந்த என் அப்பாவும் இப்படித்தான் ஊசியை மறுத்தார். அந்தக் கோபத்தைத்தான் இவர் மேல் கொட்டியிருக்கிறேன்.

மறுநாள் ஊசியை எடுக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு, "ஐயா, ஊசின்னா என்ன பயம்?" என்று கேட்டேன்.

"ஊசி போட ஆரம்பிச்சா அப்புறம் காலை எடுத்துருவாங்கன்னு ஊர்ல சொன்னாங்க கண்ணு."

மூன்று நாளாக நான் கேட்காமல் விட்ட கேள்வி அது. சர்க்கரை கட்டுக்குள் இருந்தால்தான் புண் ஆறும், காலைக் காப்பாற்றத்தான் இந்த ஊசி என்று நிதானமாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அவரே சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார்.